அம்மா நோட்டு

பிரவுன் பேப்பரும் கோந்தும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும், தெரியுமா உங்களுக்கு? எத்தனை வயதானாலும் அது மூக்கில் ஏறியதும் ஆளைப் பிடித்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடும். போன வாரம் ஒரு சாயங்காலம் ஊரப்பாக்கத்து வீட்டில் காபி டம்ளரோடு வந்தேன், சாப்பாட்டு மேஜை முழுக்க அந்த வாசனை. மகள் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டு முடித்து, போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். நான் வேலை பார்க்கும் பள்ளியில் சேரவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று வேறு பள்ளிக்குப் போகிறவள்.

"என்னடி எழுதுற?"

"பெண்டுலம்மா. ரீடிங் குரூப்ல வந்துடுச்சு."

"நீ ஆட்டிப் பார்த்தியா?"

"யாரும்மா ஆட்டுவா? லேப் பூட்டியேதான் இருக்கு."

காட்டு பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். "இரும்மா, வரி தப்பிடும், எழுதிட்டுத் தரேன்" என்று கையைத் தள்ளிவிட்டாள். சரி என்று காபியைக் குடிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தது ஊரப்பாக்கத்தில்தான். மூக்கு மட்டும் பாலாற்றுப் பாலம் தாண்டிப் போய்விட்டது.

நான் கருங்குழிக்காரி. நைனா டெம்போ வேன் ஓட்டினார். பிளஸ் ஒன்னுக்குச் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்த்துவிட்டார். தினமும் பஸ். ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்கு வழிவிட்டு வழிவிட்டு, பள்ளிக்குள் நுழையும்போது பிரேயர் முடிந்திருக்கும். அந்தப் பள்ளியின் பிசிக்ஸ் லேபில் ஒரு வாசனை இருந்தது பாருங்கள், வவ்வால் எச்சம், துரு, ஸ்பிரிட், ஊறிப்போன மரம் எல்லாம் கலந்து. வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டியிருக்கும் அறைக்கு வேறு என்ன வாசனை வரும்? பரீட்சைக்கு முன்னால்தான் திறப்பார்கள். லேப் அட்டெண்டர் ஆறுமுகம் அண்ணாத்த துடைப்பத்தோடு முதலில் உள்ளே போவார். பின்னாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நாங்கள் நாற்பது பேர்.

அப்படியானால் வருஷம் முழுக்க ரெக்கார்டு எப்படி எழுதினீர்கள் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அம்மா நோட்டு இருந்தது. எந்தக் காலத்திலோ எவளோ எழுதிய ஒரு பழைய ரெக்கார்டு. அட்டை கிழிந்து, மேலே இன்னொரு அட்டை, அதன் மேல் இன்னொன்று. ஒவ்வொரு வருஷமும் சீனியர் அக்காக்கள் அதை ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லா நோட்டையும் பெற்றது அதுதான் என்பதால் அம்மா நோட்டு. அதில் என்ன ரீடிங் இருக்கிறதோ அதுதான் எங்கள் ரீடிங். ஒரு இடத்தில் எவளோ மூன்றை எட்டாக்கித் தொலைத்திருந்தாள். நாற்பது பேர் நோட்டிலும் அந்த எட்டு பத்திரமாக இருந்தது.

அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள் கெங்கா. என் பக்கத்து இடம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம் அவள் ஊர். செங்கல்பட்டில் மாணவியர் விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் அம்மா கூடை மீனோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டு வந்து விற்றுவிட்டுப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது இவள்தான். வாய் கொஞ்சம் நீளம். நான் ஏழு என்ற எண்ணை எழுதி நடுவில் ஒரு கோடு இழுப்பேன், எங்கோ பார்த்துப் பழகிய ஸ்டைல். "ஏன்டி ஏழுக்கு பெல்ட்டு போடுற? அவுந்துடுமா?" என்று ஓட்டுவாள்.

எதைக் கொடுத்தாலும் அதன் அடியைப் பார்ப்பது அவள் வழக்கம். பள்ளியிலிருந்து மாமல்லபுரத்துக்கு டூர் கூட்டிப்போனார்கள், அவள் ஊருக்கே அவளை டூர் கூட்டிப்போனது மாதிரி. வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் நிறுத்தி, "இது ஏன் உருளலை, சொல்லுங்க" என்று எங்கள் பிசிக்ஸ் சார் கேட்டார். சாரே சொல்லிவிடுவார் என்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கெங்கா பாவாடையை ஒதுக்கிக் குனிந்து, பாறையின் அடியில் தலையை விட்டாள். "சார், அடியில எம்மா அகலம் ஒட்டிக்கினு கீது பாருங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். சார் முகம் சுண்டிப்போனது. அவர் மையம், ஈர்ப்பு என்று ஒரு பத்தி மனப்பாடமாக வைத்திருந்தார், பாவம்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். அதை அவள் டாக்டர், கலெக்டர் என்றெல்லாம் சொல்லவில்லை. "நான் பிசிக்ஸ் டீச்சர் ஆவணும்டி. அந்த லேப் சாவி என் கையில இருக்கணும். தெனம் தொறப்பேன்" என்பாள். பூட்டிய கதவின் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு சொல்வாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இழுத்துக்கொண்டு போவேன்.

வருஷக் கடைசி பிராக்டிகல் பரீட்சை வந்தது. எனக்கும் கெங்காவுக்கும் ஒரே மேஜை, ஒரே ஊசல். விஷயம் சின்னதுதான். ஒரு குண்டை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். இருபது தடவை ஆட எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். நூலின் நீளத்தையும் நேரத்தையும் சூத்திரத்தில் போட்டால், பூமி எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு எண் வரும். ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. நீளத்துக்கு லேபில் ஒரே ஒரு மர மீட்டர் ஸ்கேல். கைபட்டுக் கைபட்டு முதல் ஒன்பது எண்களும் அழிந்துபோயிருந்தன. அதன் முனையை மேலே கொக்கியில் முட்டவைத்து, கீழே குண்டுக்கு நேராக எண்ணைப் படிப்போம்.

நான் ஊசலை ஆட்டி எண்ணினேன், அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நூறு, எழுபது, நாற்பது என்று மூன்று நீளம். கணக்குப் போட்டோம். முதலில் பத்து வந்தது. அடுத்தது பத்து புள்ளி ஒன்று. மூன்றாவது பத்து புள்ளி மூன்று.

கெங்கா திரும்பவும் ஆட்டலாம் என்றாள், ஆட்டினோம். அதேதான் வந்தது. அப்புறம் நான் செய்ததை எங்கள் பள்ளியில் 'ரிவர்ஸ் எடுக்கிறது' என்பார்கள். முதலில் விடையை எழுதிவிட்டு, அதற்கேற்ற நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங் என்று எழுதுவது. டெம்போ டிரைவர் மகளாயிற்றே, ரிவர்ஸ் எனக்குச் சொல்லியா தர வேண்டும்? மூன்றுக்கும் ஒன்பது புள்ளி எட்டு என்றே போட்டால் சந்தேகம் வரும் என்று 9.79, 9.82, 9.78 என்று கொஞ்சம் கலைத்து வேறு போட்டேன். சராசரி 9.797. என்ன சாமர்த்தியம்!

"கெங்கா, மாத்துடி" என்று காதில் சொன்னேன்.

"வந்தத தானே எழுதணும்?" என்றாள். எழுதினாள். சராசரி பத்து புள்ளி ஒன்று மூன்று. தன் நோட்டிலும் அதையே குறித்துக்கொண்டாள்.

சார் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்தவர். பிசிக்ஸ், கணக்கு, போதாததற்குச் சத்துணவு மேற்பார்வை. நாற்பது பேப்பரில் ஒன்று மட்டும் கோணலாக இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எங்கள் இருவர் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே நூல், ஒரே குண்டு. இவளுக்கு ஒன்பது புள்ளி எட்டு, உனக்கு மட்டும் பத்தா? குப்பத்துக்காரங்கள மட்டும் பூமி தனியா இழுக்குதோ?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"சார், அதான் வந்துது சார். அவளைக் கேளுங்க."

சார் என்னைப் பார்த்தார். "உனக்கு என்ன வந்துச்சு?"

ஒரு வார்த்தை. எனக்கும் பத்துதான் வந்தது சார் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நைனாவின் முகம் நினைவுக்கு வந்தது, மார்க் நினைவுக்கு வந்தது, சிரித்த அத்தனை வாய்களும் என் பக்கம் திரும்பும் என்பது நினைவுக்கு வந்தது.

"ஒன்பது புள்ளி எட்டு சார்" என்றேன்.

கெங்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். சார் சிவப்பு மையில் அவள் பேப்பரைக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தார்.

மறுநாள் மதியம் சோற்று டப்பாவைக்கூடத் திறக்கவில்லை, என் கையைப் பிடித்து இழுத்தாள். "நைட்டெல்லாம் அதான்டி யோசன. நூலு பெருசா இருந்தா தப்பு கொஞ்சம். நூலு சின்னதா ஆவ ஆவ தப்பு பெருசாவுது. இது இன்னா தெரியுதா? தராசுல புளி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். மீன் மார்க்கெட்டில் சில பேர் தராசுத் தட்டுக்கு அடியில் புளியை உருட்டி ஒட்டிவிடுவார்கள். எத்தனை நிறுத்தாலும் திருட்டு அதே அம்பது கிராம்தான். அஞ்சு கிலோ வாங்குகிறவனுக்கு அது தெரியாது. "கால் கிலோ வாங்குறவன் தான் செத்தான். நம்ம நீளத்துலயும் அப்டி எதுவோ ஒண்ணு எப்பவும் அதே அளவு திருடுது. ஸ்கேல்ல தான்டி கீது!"

ஆறுமுகம் அண்ணாத்த லேபைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெங்கா தன் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை எடுத்து, அந்த மர ஸ்கேலின் முனையிலிருந்து பத்து என்ற எண் வரைக்கும் வைத்தாள். எட்டு சென்டிமீட்டர்தான் இருந்தது. இரண்டு சென்டிமீட்டரைக் காணோம்.

"அதுவா?" என்றார் அண்ணாத்த. "ஜன்னல் கொக்கிய தள்ளப்போயி முனை பொளந்துகிச்சு. சிராய் குத்துதுன்னு நான்தாம்மா ரம்பத்தால நீட்டா அறுத்து வுட்டேன். அது ஆச்சு ஏழெட்டு வருஷம். இன்னா இப்போ?"

ஏழெட்டு வருஷம்! அத்தனை வருஷமும் அந்த ஸ்கேலை வைத்து அத்தனை பேருக்கும் ஒன்பது புள்ளி எட்டு வந்திருக்கிறது. நான் ஒருத்தி மட்டுமா ரிவர்ஸ் எடுத்தேன்!

கெங்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, அந்த நோட்டைத் திறந்து, ஒவ்வொரு நீளத்திலும் இரண்டைக் கழித்துக் கணக்கைத் திரும்பப் போட்டாள். மூன்றுக்கும் ஒன்பது புள்ளி எட்டு. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். அன்றைக்கு அவள் முகம் இருந்ததே, அதை எப்படிச் சொல்வது? வலையில் எதிர்பாராத மீன் விழுந்த முகம் என்று அவளே சொல்லியிருப்பாள். நாற்பது பேரில் நிஜமாக அந்த எண்ணைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான்.

"வாடி, சார் கிட்ட சொல்லலாம். நீயும் பார்த்த இல்ல."

பார்த்தேன்தான். ஆனால் ஸ்கேல் பொய் என்றால் என் ஒன்பது புள்ளி எட்டும் பொய். நேற்றுச் சொன்னதும் பொய். "எனக்கு பஸ்ஸுக்கு டைம் ஆவுதுடி" என்றேன். மதியம் ஒரு மணிக்கு என்ன பஸ்? அவளுக்கும் அது தெரியும். ஸ்கேலைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாகப் போனாள். அண்ணாத்தயைக் கூப்பிட்டாள் போலிருக்கிறது, வேலை போய்விடும் என்று அவரும் வரவில்லை.

சார் என்ன சொன்னார் என்பதை அவளே வந்து சொன்னாள். "நாப்பது பேருக்கு வருது, உனக்கு மட்டும் ஸ்கேல் உடைஞ்சிருக்கான்னு கேட்டாருடி." சொல்லும்போதுகூட அழவில்லை. என் சோற்று டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றாள். டப்பாவை அவள் பக்கமே நகர்த்திவிட்டேன்.

பிராக்டிகல் பெயில், எதிர்த்துப் பேசுகிறாள், பிளஸ் டூவில் ரிசல்ட் கெட்டுவிடும். இப்படித்தான் ஹெச்.எம். அறையில் பேசி, அவளைத் தையல் குரூப்புக்கு மாற்றினார்கள். அவள் அம்மா வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, "எது படிச்சா இன்னாம்மா, படிச்சா சரி" என்றார். கெங்கா இரண்டு மாதம் வந்தாள். அப்புறம் விடுதியைக் காலி செய்துவிட்டாள் என்றார்கள். எனக்கு அந்த பிராக்டிகலில் முழு மார்க்.

முழு மார்க் வாங்கியவள் பி.எஸ்சி. பிசிக்ஸ் போனாள், பி.எட். முடித்தாள், ஊரப்பாக்கம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் ஆனாள். ஆமாம், நான்தான். சேர்ந்த முதல் நாளே லேப் சாவியை என் கையில் கொடுத்தார்கள். "திறக்கறதெல்லாம் வேண்டாம் மிஸ், பசங்க உடைச்சிடுவாங்க. விசிட் வர்றப்ப மட்டும் துடைச்சு வைங்க. போர்ஷனை முடிங்க" என்றார் மேலே இருந்தவர். பிள்ளைகள் ரெக்கார்டுக்கு ரீடிங் கேட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நாலு தாளில் எல்லாச் சோதனைக்கும் ரீடிங் எழுதிக் கொடுத்தேன், அரை மணிகூட ஆகவில்லை. ஊசலுக்குப் பழைய எண்களேதான் கைக்கு வந்தன. அவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். கூச்சமாக இருந்ததா என்றால், முதல் வருஷம் இருந்தது.

கெங்காவை ஒரே ஒரு தடவை பார்த்தேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஈசிஆர் ஓரத்தில் மீன் வாங்க இறங்கினேன். தார்ப்பாய் நிழலில் ஒருத்தி. எலெக்ட்ரானிக் தராசு. மீனை வைக்கும் முன்னால் தட்டைத் தூக்கி, அடியைத் துணியால் துடைத்து, வந்தவர்களுக்குத் திருப்பிக் காட்டிவிட்டு வைத்தாள். யாரும் கேட்காமலே ஒவ்வொரு தடவையும் காட்டினாள். அந்தத் தட்டைப் பார்த்துத்தான் அவளைக் கண்டுபிடித்தேன்.

"பெல்ட்டு!" என்றாள் என்னைப் பார்த்ததும். அவ்வளவு சந்தோஷம். குழந்தையை வாங்கக் கையை நீட்டி, மீன் கை என்று இழுத்துக்கொண்டாள்.

"கெங்கா, அன்னிக்கு நான்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டி. நூலு ஒண்ணு, குண்டு ஒண்ணு. உனக்கு மட்டும் எப்டி வரும்?" என்று சிரித்தாள். கோபம் ஒன்றுமில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நீ கணக்குப் போட்ட அந்த நோட்டு வச்சிருக்கியா?"

"வூடே சுனாமில போச்சு, நோட்டுக்கு எங்க போவ? அது கெடக்கட்டும். நீ இன்னா பண்ற?"

"டீச்சர். பிசிக்ஸ்."

அவள் கையிலிருந்த மீன் அப்படியே நின்றது. "லேப் சாவி உன் கையிலயா?"

"ம்."

"தெனம் தொறக்குறியா? பசங்கள அளக்க வுடுறியா?"

என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "திறப்பேன்டி" என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அது போதும்" என்று சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கொசுறாக இரண்டு கை நெத்திலியை அள்ளிப் பையில் போட்டாள். அந்த நெத்திலியை வீட்டில் எல்லோரும் ருசித்துத் தின்றார்கள். நான் தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு தடவை அந்தப் பக்கம் போனபோது தேடினேன். ரோட்டை அகலப்படுத்தியதில் தார்ப்பாய்க் கடைகள் ஒன்றையும் காணோம். செங்கல்பட்டில் எங்கள் பழைய லேபை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. அந்த மர ஸ்கேல் எந்த அடுப்பில் எரிந்ததோ.

"அம்மா, காபி ஆறிப்போச்சு பாரு" என்றாள் மகள். எழுதி முடித்துவிட்டாள். "இந்தா, பாக்கணும்னியே" என்று போனை நீட்டினாள்.

ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதைப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஓரமெல்லாம் கறுத்து, பாதி எழுத்து மங்கி இருந்தது. 9.79. 9.82. 9.78. சராசரி 9.797. ஏழு ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பெல்ட். கீழே மகளின் நோட்டைப் பார்த்தேன். அவள் ஏழுக்குக் கோடு போடுகிறவளே இல்லை. இன்றைக்கு ஒன்று விடாமல் போட்டிருந்தாள்.

"இது யார் குடுத்தது?"

"தெரியலமா. எல்லா ஸ்கூல்லயும் இதான் சுத்துது. ஏன், தப்பா?"

"இது நான் எழுதினதுடி" என்றேன். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

அவள் கண்ணை அகல விரித்தாள். "நிஜமாவா! நீ எழுதினதா? அப்போ கரெக்டாத்தான் இருக்கும்" என்று சொல்லி, விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள்.

பத்து புள்ளி ஒன்று மூன்று என்று எழுதியிருந்த ஒரே நோட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. என்னுடையதுதான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.